பெரியக்காவின் கணக்கு

செத்தவளோடு யாராவது போட்டி போடுவார்களா? புதுசு போட்டாள்.

அலுவலகத்துப் பிரிண்டர்களையும் அவற்றின் செலவையும் பார்த்துக்கொள்ள வந்து மாதக்கணக்கில் ஆகியும் அவளுக்குப் பேர் 'புதுசு'தான். அதற்குமுன் அந்த வேலை பெரியக்காவுடையது. ஒருநாள் இதே நாற்காலியில் மாரடைப்பு வந்து சாய்ந்துபோனவள். புதுசு கலர் பிரிண்டைக் கட்டுப்படுத்தினாள், தாளின் இரு பக்கமும் அச்சாக வைத்தாள், செலவைப் பாதியாக்கினாள். பெரியக்கா இருந்திருந்தால் இன்னும் குறைத்திருப்பார் என்றார் மேனேஜர். அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று இன்று சொல்வதாக இருந்தார். புதுசுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருப்பவளோடு மல்லுக்கட்டலாம். சுவரில் படமாய்ச் சிரிப்பவளை என்ன செய்வது?

காலையில் அவள் வந்தபோது மாடியில் யாரும் இல்லை. பூட்டிக் கிடந்த அறையில் சூடேறிய மையின் வாடை. அங்கே கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கணக்கு உண்டு; கணக்கு இல்லாதவருக்குப் பிரிண்டர் ஒரு தாளும் தராது. இத்தனை நாளும் பெரியக்காவின் கணக்கிலேயே ஓட்டியவள், இன்று அதை மூடிவிட்டுத் தனக்குப் புதிதாகத் திறந்திருக்க வேண்டும். புதியதற்குத் தனிக் கட்டணம். அதை மிச்சம்பிடித்துக் காட்டவும், அந்தப் பேர் அழிவதைக் கண்குளிரப் பார்க்கவும் ஆசைப்பட்டு, பழைய கணக்கிலேயே பேரை மட்டும் மாற்றினாள்.

பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டது.

சூடான தாள் ஒன்று வந்தது. அதில் இதே அறை, கறுப்பு வெள்ளையில். நாற்காலியில் புதுசு. அவள் முதுகுக்குப் பின்னால் பெரியக்கா குனிந்து நின்றாள்.

புதுசு திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

கழுத்தில் மட்டும் மூச்சு பட்டது.

"நீங்க போயாச்சுக்கா," என்று முணுமுணுத்தாள். "இது என் சீட்டு."

அடுத்த தாள் வந்தது. நாற்காலியில் பெரியக்கா. பின்னால் நிற்பவள் புதுசு.

அதற்கடுத்த தாளில் பின்னால் யாருமே இல்லை.

எழுந்து ஓடப் பார்த்தாள். கால்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். அவளை நேருக்கு நேர் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, பெரிய நிம்மதிதான் இருந்தது.

"வந்துட்டீங்களா பெரியக்கா? அந்தப் புதுசு உங்க கால்தூசிக்குப் பெறாது."

அந்த நிலையிலும் அவளுக்குப் பொறாமை பொங்கியது. நான்தான் இங்கே இருக்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தாள்.

"வந்துட்டேன் சார்," என்றது அவள் வாய், நிதானமான, வயதான குரலில்.