மறுதரப்பின் கை

இரும்புக் கம்பி மறுபடி இறங்கியபோது ஜெபக்கனி அலறினாள். அடி விழுந்தது அவள் மேல் அல்ல. எதிரே உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள் மேல், போன மாதம். ஆனாலும் தோள் எலும்பு நொறுங்கியது போலத் துடித்தாள்.

“போதும்மா, கழட்டு” என்றார் பேராசிரியை வஹிதா.

சட்டக் கல்லூரியின் இலவச உதவி மையத்தில் இறுதியாண்டு மாணவர்கள் இப்படித்தான் வழக்கு நடத்தப் பழகினார்கள். உணர்கடத்தியைத் தலையில் மாட்டினால் ஒருவர் பட்டது முழுதும் இன்னொருவர் உடம்பில் ஏறும். சட்டம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது: மனு எழுதுபவர் இரு தரப்பையும் உணர்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் இசக்கியம்மாளின் கணவன் மாடசாமியின் பதிவு சிறையிலிருந்து வந்தது. ஜெபக்கனி அருவருப்போடு மாட்டிக்கொண்டாள். வெறுப்பு வரும் என்று நினைத்தாள். வந்தது சுகம். கம்பி கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. எலும்பு உடைந்த சத்தத்தில் உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

“என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே?” என்று வஹிதா கேட்டார்.

“ஒண்ணுமில்ல மேடம்.” சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று மாலை இசக்கியம்மாள் மனுவில் கையெழுத்துப் போட வந்தாள். பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“வேண்டாம்மா. ஜாமீன்ல வந்தா என்னக் கொன்னு போட்டுருவாரு. வாபஸ் வாங்கிருதேன்.”

“நா இருக்கம்லாக்கா. போடுங்க.”

“ஒனக்கென்ன தெரியும்? அடி வாங்குனது நாம்லா.”

ஜெபக்கனி யோசிக்கவே இல்லை. மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அவள் முகத்தில் அடித்தாள். பல் தெறித்தது. மறுபடி கை ஓங்கியபோது வஹிதா பாய்ந்து பிடித்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வஹிதா கிசுகிசுத்தார்: “மிஷின் கோளாறுன்னு சொல்லிடலாம் ஜெபா. அது மாடசாமியோட கை. நீ பண்ணல.”

“அக்கா பட்டத நான் போட்டுப் பாக்கணும் மேடம்.”

கட்டுப்போட்ட முகத்தோடு இசக்கியம்மாள் சம்மதமாகத் தலையசைத்தாள். ஜெபக்கனி உணர்கடத்தியை மாட்டினாள். தன் முகமே எதிரே தெரிந்தது. அதில் சிரிப்பு இருந்தது. பிறகு தாடை வெடித்தது, வாயெல்லாம் ரத்தம் கரித்தது.

வலிக்கு அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனால் அந்த உடம்பில் திகைப்பு என்பதே இல்லை. கை ஓங்கியதும் கண்கள் பழக்கத்தில் மூடிக்கொண்டன. தலை தானாகச் சரிந்து கன்னத்தைக் காட்டியது. ‘இவளும்தானா’ என்ற ஒரு சோர்வு மட்டும் இருந்தது.

ஜெபக்கனி வெளியே வந்தாள். வாசலில் நின்ற காவலரிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“மிஷின் இல்ல சார். நான்தான் அடிச்சேன்.”