நாலாவது ஆள்

வந்திருந்தவர்கள் மூன்று பேர். நாய் மணந்து பார்த்தது நாலு பேரை.

தீவில், கீரி என்ற ஊரின் கடற்கரைப் பக்கத்தில், பனைமட்டை வேலி அடைத்த வளவொன்றில், தெருவில் அடிபட்ட நாய்களையும் கைவிடப்பட்ட நாய்களையும் தேற்றி, வீடுகளுக்குக் கொடுத்துவந்தார் எட்வேட். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. நாய் கேட்டு வரும் வீட்டார் எல்லாரும் வரிசையாக நிற்கவேண்டும். எந்த நாய்க்கு அவர்களைப் பிடிக்கிறதோ, அதுதான் அவர்களுக்கு.

நடராசாவும் மனோன்மணியும் ஏழு வயது மகள் துசாந்தினியை நடுவில் விட்டு நின்றார்கள். முகாமிலிருந்து திரும்பி அவர்கள் குடியேறிய பெருநிலத்து ஊரில், அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில்கூட இல்லை. தகப்பன் வயலுக்குப் போனால் பிள்ளை யன்னல்களைச் சாத்திவிட்டு மூலைக்குள் ஒடுங்கிவிடும். அவளுக்குத் துணையாக ஒரு நாய் வேண்டும்.

முதலில் வந்தது கபில நிறப் பெட்டை. துசாந்தினியின் கையை நக்கிவிட்டு அவள் காலடியில் சுருண்டது.

"பொறுமைசாலி. வாலில இழுத்தாலும் கடியாள்," என்றார் எட்வேட். அடுத்தது, காது கிழிந்த வெள்ளையன். "இவனைக் காவலுக்கெண்டு நம்பாதேங்கோ அண்ணை. கள்ளன் வந்தா தேத்தண்ணி ஊத்திக் குடுப்பான்."

நடராசா வாய்விட்டுச் சிரித்தார்.

வெள்ளையன் மூவரின் கால்களையும் மணந்தது. பிறகு மனோன்மணிக்குப் பின்னால் போய், வெறும் மணலில், தரையோடு தரையாக மூக்கை நீட்டியது. எதையோ நக்கியது. வாலை ஆட்டியது.

எட்வேட்டின் முகம் மாறியது. "அக்கா, உங்களோட வேற ஆரும் வந்தவையோ?"

"இல்லை," என்றாள் மனோன்மணி. நாய் மணந்த அந்த உயரம் அவளுக்குத் தெரியும். எழும்ப முடியாமல் கிடக்கும் ஒரு பிள்ளையின் தலை அந்த உயரத்தில்தான் இருக்கும்.

யுத்தத்தின் கடைசி நாட்களில், ஒரு பதுங்குகுழிக்குள், செல் துண்டு பட்டு இரண்டு காலும் விளங்காமல் கிடந்தான் மூத்தவன் லக்சன். ஒன்பது வயது. நடராசா சனத்தோடு வேறு திசையில் சிதறிப் போயிருந்தார். அவளால் ஒரு பிள்ளையைத்தான் தூக்க முடிந்தது. சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் கேட்ட குரலுக்குத் திரும்பவில்லை. மகன் தன் மடியில் உயிர்விட்டான் என்று புருசனிடம் சொன்னாள். அதை நம்பித்தான் அவர் இன்றைக்கும் திவசம் கொடுக்கிறார்.

"இதைக் கொண்டுபோவம்," என்றாள்.

"பெட்டையைக் கொண்டுபோங்கோ அக்கா. பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அவள்தான் தோது. இது… இது ஆரையோ பாக்குது."

"அதுக்குத்தான் கேக்கிறன்."

முதல் ஒரு கிழமை மனோன்மணிக்குச் சுகமாகப் போனது. இருள் கவியும் மைமல் பொழுதில், சோழகக் காற்று பனைகளை உலுப்பி ஓய்ந்து, எரிந்த குப்பையின் புகை மணம் வளவுக்குள் படியும் நேரம், வெள்ளையன் வேலிப் படலையடிக்குப் போகும். பிறகு ஓரடி வைத்து நின்று, இன்னோரடி வைத்து நின்று, மெள்ள வருகிற யாருக்கோ காத்திருப்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வீட்டுவாசல்வரை வரும். உன்னிப்பாகக் கேட்டால் அவளுக்கும் கேட்டது, நெல்மூட்டையை மணலில் இழுப்பதுபோன்ற ஓசை. ஈரச் சாக்கும் பழைய இரத்தமும் கலந்த ஒரு மணம். எத்தனை கட்டை தூரம் முழங்கையாலேயே வந்தானோ என்று நினைத்து, அடுப்படிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசற்படியில் ஒரு பிடி சோறு வைத்தாள்.

எட்டாம் நாள் வெள்ளையன் வாலை ஆட்டவில்லை.

சாப்பாட்டையும் தொடவில்லை. துசாந்தினியின் பாய்க்குக் குறுக்கே படுத்து, வெறுந்தரையைப் பார்த்து உறுமியது.

"அம்மா, நாய் ஆரைப் பாத்து உறுமுது?"

"ஒருத்தருமில்லை. படு."

"என்ர கால் குளிருது அம்மா."

விடிந்ததும் நடராசா சொன்னார்: "இஞ்சேர் மனோ, நாய்க்கு ஏதோ வருத்தம். பிள்ளையைக் கடிச்சாலும் கடிச்சிடும். நாளைக்குக் குடுத்திட்டுப் பெட்டையைக் கொண்டுவருவம்."

நாய் போய்விட்டால் அவன் கிடக்கும் இடத்தை அவளுக்கு யார் காட்டுவது?

அன்று பின்னேரம் அவர் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனார். இருள் சேரத் தொடங்கியது. கதவுக்கு வெளியே, அடிப்பலகையில், நகத்தால் பிறாண்டும் சத்தம். கள்ளனுக்குக்கூடக் குரைக்காத நாய் வாசலை மறித்து நின்று, பல்லெல்லாம் தெரியச் சீறியது. அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. அதற்குப் பின்னால் பாயில் துசாந்தினி.

ஒருமுறை விட்டுவிட்டு வந்தவள் அவள். பெற்ற பிள்ளையை இரண்டாம் முறையும், அதுவும் வாசலில், விட்டுவிடுவதா?

நாயின் கழுத்தைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப்போய் முருங்கையில் கட்டினாள். அது அவள் கையைக் கடிக்கவில்லை. கெஞ்சியது. திரும்பி வந்து கதவை அகலத் திறந்தாள்.

"வா, ராசா."

காற்று நின்றது.

இழுபடும் ஓசை. படியில். நிலையில். உள்ளே.

அவளைத் தாண்டிப் போனது.

"லக்சன்?"

நாய் ஊளையிட்டது.

"அம்மா…" துசாந்தினியின் குரல். தரையிலிருந்து. "எழும்ப ஏலாமக் கிடக்கு அம்மா."

பிள்ளை முழங்கைகளை ஊன்றி ஊர்ந்துகொண்டிருந்தாள். இரண்டு கால்களும் நனைந்த துணிபோலப் பின்னால் கிடந்தன.

மனோன்மணி குனிந்தாள். கைகளை நீட்டப் பார்த்தாள். நீட்ட முடியவில்லை. அவை ஏற்கெனவே நிறைந்திருந்தன.

ஒன்பது வயதுப் பாரம். கழுத்தைச் சுற்றி இரண்டு குளிர்ந்த கைகள். இடுப்பைச் சுற்றி இரண்டு கால்கள், பலமாக, இறுக்கமாக, பின்னிக்கொண்டன.

அவளுடைய பாதங்கள் தாமாகத் திரும்பின. படி. முற்றம். படலை. உதறினாள். கை அவிழவில்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை. வெறுங்காற்றை மார்போடு அணைத்தபடி அவள் இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். பின்னால், மணலில், மகள் முழங்கையால் ஊர்ந்து வரும் ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப்பட்டது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு சின்னக் கன்னம், பனிபோல, அங்கே சாய்ந்திருந்தது.