அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார்

கல் பொய் சொல்லாது. மனிதன் சொல்வான், ஏடு சொல்லும், மன்னர்களின் மெய்க்கீர்த்திகள் கூசாமல் சொல்லும். எண்ணூறு வருடம் மழையில் நின்ற கோட்டைக் கல் மட்டும் சொல்லாது.

இந்த வரிகளை நஞ்சுண்டன் போனில் தட்டியது இங்கிலாந்தில், டன்ஸ்பரி என்ற பழைய சந்தை ஊரில், ஒரு தேநீர்க் கடையின் கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டு. நியூ ஜெர்சிக்குத் திரும்பியதும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழன்பர்கள் முன்னால் ஆற்றப்போகும் உரையின் தொடக்கம் அது. மருந்துக் கம்பெனியில் சீனியர் டைரக்டராக இருப்பதால் தனக்கு வரலாறும் தெரியும் என்று அவன் நம்பினான். மறுத்துப் பேச இடைவெளி கிடைக்காததால் மற்றவர்களும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கல் பொய் சொல்லவில்லைதான். சொன்னது அவன்.

குடும்பத்தோடு இங்கிலாந்துச் சுற்றுலா புறப்படுவதற்கு முந்தின வாரம், கோபிசெட்டிபாளையத்திலிருந்து தம்பி நாகரத்தினம் கூப்பிட்டான்.

“அப்பாவுக்கு முடியலீங்ணா. கஞ்சி கூட எறங்க மாட்டேங்குது. நஞ்சன் வந்தானா, நஞ்சன் வந்தானான்னு அதே கேள்விதான். ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்ணா.”

“வரமாட்டேன்னா சொல்றேன்? கிரீன் கார்டு கடைசி ஸ்டேஜ்ல நிக்குதுடா. இப்ப வெளிய கால வெச்சா திரும்ப உள்ள விடமாட்டான்.”

கிரீன் கார்டு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமையே வந்து ஐந்து வருடம். கையில் குட்டிக் கொடியோடு எடுத்துக்கொண்ட படம் மாடிப்படிச் சுவரில் மாட்டியிருந்தது. ஊரில் மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கிடைத்த கிரீன் கார்டைவிடக் கிடைக்காத கிரீன் கார்டு அவனுக்கு அதிகம் உதவியது. தம்பி கல்யாணம், அத்தை சாவு, கோயில் கும்பாபிஷேகம் எல்லாவற்றையும் அது ஒன்றே தாங்கியது. கடைசியாக அவன் ஊருக்குப் போனபோது மகன் இனியன் கைக்குழந்தை. இப்போது அவனுக்கு மீசை அரும்புகிறது.

டன்ஸ்பரியில் இரண்டாம் நாள், சந்தை நாள். கல் பாவிய சதுக்கத்தில் பாலாடைக்கட்டியும் பழைய பீங்கானும் விற்றார்கள். மேட்டின்மேல் கோட்டை. சுழல் படியில் பாதி ஏறியிருந்தபோது தம்பியிடமிருந்து செய்தி வந்தது.

அப்பா போயிட்டாருங்ணா. மூணு மணிக்கு எடுக்கறோம். வீடியோல வந்து மொகத்தப் பாத்துக்குங்க.

நஞ்சுண்டன் சுவரைப் பிடித்துக்கொண்டான். துக்கம் வந்தது, உண்மையாகவே வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கு வந்தது. இந்தியாவில் மூன்று மணி என்றால் இங்கே காலை பத்தரை. நியூ ஜெர்சியில் விடிகாலை ஐந்தரை.

“ஏனுங்க, பின்னால கோட்டை தெரியுமே?” என்றாள் மனைவி எழிலரசி, கண்ணைத் துடைத்தபடி. “ஆபீஸ் வீடியோ கால்ல வைப்பீங்களே, நம்ம லிவிங் ரூம் போட்டோ, அந்த பேக்ரவுண்ட போட்டுருங்க.”

காற்று இரைச்சல் கேட்காத இடம் தேடி, சுவருக்குள் குடைந்த ஒரு சின்ன அறையைக் கண்டுபிடித்தான். கல் பெஞ்சு, அதன் நடுவே வட்டமாக ஓர் ஓட்டை.

“அப்பா, போர்டு படிச்சீங்களா?” இனியன் தாழ்ந்த குரலில் சொன்னான். “இட்ஸ் லிட்ரலி எ டாய்லெட்.”

“சும்மா இருடா.”

போனில் பார்த்தால் நஞ்சுண்டன் தன் வீட்டுச் சாம்பல்நிற சோபாவின் முன்னால், தஞ்சாவூர்த் தட்டின் கீழ் உட்கார்ந்திருந்தான். எதிரே கோபி வீட்டு வாசல். கட்டிலில் அப்பா சேனாபதி. அப்போதுதான் குளிப்பாட்டியிருந்தார்கள். ஈர வேட்டி. தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் முடிந்த வெள்ளைத் துணி. நெற்றியில் காசு. இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“பாவம், அங்க இன்னும் விடியவே இல்ல. புள்ள எந்திரிச்சு உக்காந்திருக்குது பாரு,” என்றது ஒரு பெண் குரல்.

நஞ்சுண்டன் அவர்களுக்காக ஒரு கொட்டாவி விட்டான்.

நாகரத்தினம் போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்தான். குரல் உடைந்தது.

“அப்பா, அண்ணனப் பாருங்க. வரத்தான் முடியலையாம். வீட்லதான் இருக்காருங்கப்பா. அமெரிக்காவுல, அவரு வீட்லதான். நீங்களே ஒரு எட்டு போயிப் பாத்துப்போட்டு வந்துருங்கப்பா.”

சுழல் படியில் காற்று நின்றது.

கல் அறைக்குள் மஞ்சள் தண்ணீர் வாடை வந்தது.

அழைப்பு முடிந்து இரண்டு நிமிடம் இருக்கும். போன் அதிர்ந்தது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டு டோர்பெல் கேமரா.

உங்கள் முன்வாசலில் ஒருவர் இருக்கிறார்.

படம் சாம்பல் வெளிச்சத்தில் திறந்தது. கதவை ஒட்டி யாரோ நின்றார்கள். கேமராவுக்கு மிக அருகில், தோள்பட்டை மட்டும் தெரிந்தது. நனைந்த வெள்ளைத் துணி. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டி, கால்மிதியில் விழும் சத்தம் கூடக் கேட்டது.

பிறகு அந்த உருவம் ஒரு தப்படி பின்னால் போயிற்று. நடந்து போகவில்லை. இரண்டு காலும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக விழுந்தன.

தப்.

“மணியன் அங்கிளா இருக்கும்,” என்றாள் எழிலரசி. அவர்தான் அடுத்த தெருவிலிருந்து வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாக ஏற்றுக்கொண்டவர், சாவியும் அவரிடம்தான். “சீக்கிரமே எந்திரிச்சிருப்பாரு.”

மணியன் அங்கிள் பேண்ட்தான் போடுவார். இருவருக்கும் அது தெரியும்.

பிற்பகலுக்கு இன்னொரு கோட்டை பாக்கி இருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் கோட்டை பார்க்கலாமா என்று எழிலரசி கேட்டாள். துக்க வீடு கோபியில் இருக்கிறது என்று அவன் விளக்கினான். அகழிப் பாலத்தில் போன் அதிர்ந்தது. பாதாளச் சிறையில் அதிர்ந்தது. கடையில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தக் கோட்டையை எடுத்தபோது அதிர்ந்தது. முன்வாசலில் ஒருவர் இருக்கிறார். இன்னும் இருக்கிறார். நஞ்சுண்டன் அறிவிப்புகளை நிறுத்தி வைத்தான். அப்பாவுக்காக அன்று அவன் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் பிற்பகல், ஸ்கோன் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தபோது, மணியன் கூப்பிட்டார்.

“என்ன தம்பி, அப்பா வந்திருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?”

நஞ்சுண்டன் கையில் கத்தி அப்படியே நின்றது.

“மூஞ்சி அப்படியே உங்க ஜாடை. வாசப்படியில நிக்கறாரு. ‘நஞ்சுண்டன் அப்பாவா சார்?’னேன், மெதுவா தலைய ஆட்டினாரு. பேச மாட்டேங்கறாரு. தாடையச் சுத்தித் துணி கட்டியிருக்காரு, பல்வலியா? டிரஸ் வேற சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. இங்க மழையே இல்லப்பா.”

“அங்கிள்...”

“ஏர்போர்ட்லேர்ந்து நேரா வந்தாரா? பெட்டி கிட்டி ஒண்ணையும் காணோம்.”

நேற்று அப்பா இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு ஏன் இன்று இங்கிலாந்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்ற கேள்வி வரும். அதுவும் பக்கத்து ஊர் எடிசனில் பாதிப் பேருக்குச் செய்தி வாசிக்கும் மணியனிடமிருந்து வரும்.

“ஆமா அங்கிள்,” என்றான். “சர்ப்ரைஸ் விசிட்.”

“சரியாப் போச்சு. பெரியவர வெளியவா நிக்க வைக்கிறது? சாவி எங்கிட்டதானே இருக்கு, உள்ள உக்கார வைக்கட்டுமா?”

தேநீர்க் கடையில் பீங்கான் உரசும் சத்தங்கள். எழிலரசி வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“சரி அங்கிள்,” என்றான் நஞ்சுண்டன்.

போனில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கதவு. பிறகு மணியனின் குரல், யாரிடமோ, மரியாதையாக: “பாத்து வாங்க சார், படி இருக்கு.”

தப்.

சனிக்கிழமை மாலை நூவர்க் விமான நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தார்கள். வெளியே எல்லாம் ஒழுங்காக இருந்தது. புல் வெட்டியிருந்தது. கதவைத் திறந்ததும் மஞ்சள் தண்ணீரும் வாடிய சம்பங்கியும் கலந்த வாடை. கார்ப்பெட்டில் வாசலிலிருந்து சோபாவரை ஈரத் தடங்கள். பக்கத்தில் பக்கத்தில், ஜோடி ஜோடியாக. சோபாவின் நடுவில், ஒருவர் உட்காரும் அளவுக்கு ஈரம்.

ஆள் இல்லை.

எழிலரசி ஹேர் டிரையரால் காயவைத்தாள். காய்ந்தது. கையை எடுத்ததும் ஊறி மேலே வந்தது. இனியன் பையை எடுத்துக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போனான்.

தினமும் விடிகாலை ஐந்தரைக்கு அந்தச் சத்தம் கேட்டது. சோபாவிலிருந்து வாசலுக்கு. வாசலில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்ப சோபாவுக்கு. கட்டு அவிழ்ப்பதற்குள் அவசரமாகக் கிளம்பி வந்தவருக்கு அந்தத் தூரமே அதிகம் என்று தோன்றியது.

நான்காம் நாள் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது, அணைந்திருந்த டிவியின் கறுப்புத் திரை கண்ணில் பட்டது. அதில் அறை முழுவதும் தெரிந்தது. விளக்கு, சுவர், தட்டு, சோபா.

சோபாவில் அவர்.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றிக் காசு மங்கலாக மின்னியது. கதவுச் சத்தத்துக்கு முகத்தைத் தூக்கினார்; அந்த முகத்தில் ஓர் ஆவல் இருந்தது. நஞ்சுண்டனைப் பார்த்தார். பிறகு கழுத்தை லேசாகச் சாய்த்து, அவனைத் தாண்டி, மாடிப்படியைப் பார்த்தார்.

திரும்பினான். காலி சோபா. ஈரம்.

“அப்பா, நான்தான்,” என்றான் திரையிடம். “நஞ்சன். வந்துட்டேன்.”

அவர் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கள அவருக்குத் தெரியலீங்க,” என்றாள் எழிலரசி, சமையலறை வாசலில் நின்று, மெதுவாக. “வீட்லயே இருந்த புள்ளையத்தான் தேடறாரு.”

பதினாறாம் நாள் கருமாதி. இங்கே காலை ஆறரை, அங்கே நாலு மணி. நாகரத்தினம் கூப்பிட்டான்.

“காக்கா சோறு எடுக்கலீங்ணா. காலையிலிருந்து வெச்சது அப்படியே கெடக்குது. கல்யாண வீடாட்டம் அத்தன காக்கா சுத்துது, ஒண்ணு கிட்ட வரல. அப்பா இங்க இல்லைங்கறாரு பூசாரி. போன எடத்துலயே நிக்கறாராம்.” தம்பி தயங்கினான். “நான்தானுங்ணா உங்க வீட்டுக்கு அனுப்புனேன். வந்தாருங்களா?”

நஞ்சுண்டன் ஈர சோபாவைத் திரும்பிப் பார்த்தான்.

“வந்திருந்தா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுங்ணா. உங்களுக்குள்ள என்ன இருந்தாலும் உள்ளத உள்ளபடி சொல்லிருங்க. பொழுது சாயறதுக்குள்ள. இல்லாட்டி அவரு கதி அவ்வளவுதான்ங்கறாரு.” அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. வைத்துவிட்டான்.

டிவியின் முன்னால் நஞ்சுண்டன் நின்றான். சொல்லவேண்டியது என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்பா, அன்னிக்கு நான் வீட்ல இல்ல. ஊருக்கு வர என்னால முடியும், வரல. கோட்டை பாக்கப் போயிருந்தேன்.

திரையில் அவர் தலை நிமிர்ந்தது. இந்த முறை அவர் கண்கள் அவன்மேல் நின்றன. கட்டிய தாடைக்குள் ஏதோ அசைந்தது, கேட்பதுபோல.

“சொல்லுங்க,” என்றாள் எழிலரசி. அழுதுகொண்டிருந்தாள். “ஒரே ஒரு வரிதானேங்க. நம்ம ரெண்டு பேர் தவிர யாரு கேக்கப்போறாங்க?”

அவர் கேட்பார். அதுதான் சிக்கல்.

நூறு பேர் முன்னால் உரையாற்றும் வாய் திறந்தது. மூடியது. தொண்டையைச் செருமிக்கொண்டான். வெளியே வந்த குரல் வாடிக்கையாளர் சேவைக் குரல்போல், கனிவாக, யாருடையதோபோல் இருந்தது.

“நஞ்சுண்டன் சார் ஊர்ல இல்லீங்கய்யா. ஆபீஸ் வேலையா வெளிய போயிருக்காரு. எப்ப வருவாருன்னு சொல்ல முடியாதுங்க.”

எழிலரசியின் கை அவன் முதுகிலிருந்து விலகியது.

சேனாபதி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, தகவல் சொன்ன அந்நியருக்கு நன்றி சொல்வதுபோலத் தலையசைத்தார். கட்டிய கால்களை மெல்லத் தூக்கி சோபாவின்மேல் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்தார். வாசலைப் பார்க்க அந்தக் கோணம் வசதியாக இருந்தது.

தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இருட்டிருச்சுங்ணா. எடுக்கல.

இலையுதிர் காலத்தில் நஞ்சுண்டனின் சொற்பொழிவு நடந்தது, கைதட்டினார்கள். சோபாவை இரண்டு முறை மாற்றினார்கள். ஈரம் மாறவில்லை. எழிலரசி தினமும் காலையில் அதன் பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பி வைக்கிறாள். கணவனோடு அதிகம் பேசுவதில்லை.

நஞ்சுண்டன் இப்போதெல்லாம் கராஜ் வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறான். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறான்.