கை காட்டியவள்

தூறல் விட்டும் விடாமலும் இருந்த சாயங்காலம். மர்பி டவுனுக்குத் திரும்பும் அந்தச் சந்திப்பில் சிக்னல் வழக்கம்போல் படுத்திருந்தது. நோரா காரை நிறுத்தினாள். பக்கத்து இருக்கையில் அவள் கணவன் ஃபிராங்க்ளின்.

போன மாதம் இதே இடத்தில், எதிரே பைக்கில் ஒருவர் வலப்பக்கம் திரும்பக் காத்திருந்தார். பாவம் பார்த்து, போகச் சொல்லி நோரா கை காட்டினாள். அவர் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுக் குறுக்கே வந்தார். காரின் இடப்பக்கமாக வேகமெடுத்து வந்த தண்ணீர் லாரி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கை காட்டியவளும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பெரிய தர்மவதி!

லாரியில் அடிபட்டு இறந்த அந்த பாலகுமார்தான் அவசரப்பட்டு நுழைந்துவிட்டதாகப் போலீஸ் சொன்னது. இரண்டு தெரு தள்ளி இருந்தவர் என்று தெரிந்து துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி வனஜாவும் அதையே சொல்லி அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நோரா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"பாவம், ரொம்ப நேரமா நிக்கிறான். கை காட்டு, போகட்டும்" என்றான் பக்கத்திலிருந்த ஃபிராங்க்ளின்.

நோரா நிமிர்ந்தாள்.

எதிரே ஒரு பைக். வலப்பக்க இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்தது. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. ஏற்றிவிட்ட கண்ணாடிகளைத் தாண்டிப் பெட்ரோல் வாடை காருக்குள் வந்தது.

அவள் விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை.

ஃபிராங்க்ளினே கை காட்டினான்.

பைக் நகரவில்லை.

அந்தத் தலை நோராவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு பாலகுமாருக்கு நான்தான் கை காட்டுனேன்" என்றாள், கேட்டும் கேட்காத குரலில்.

ஃபிராங்க்ளின் அவள் பக்கம் திரும்பினான். பிறகு, இப்போதே வனஜாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்றான். இருவரும் முன்னால் பார்த்தபோது பைக் இல்லை. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

வனஜா கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாள். நோரா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

வனஜா அடிக்கவில்லை.

"அப்போ அவர் அவசரப்படல" என்று மட்டும் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருவரையும் தாண்டி இருட்டியிருந்த தெருவைப் பார்த்தாள்.

"உங்ககூட வந்தவரையும் உள்ள வரச் சொல்லுங்க. ஹெல்மெட்டைக்கூட கழட்டாம நிக்கிறாரு."