மடித்து மறைத்த மாங்காய்

நோட்டுக்கு அட்டை போடுவதில் சஃபாவை மிஞ்ச மண்டபம் ஊரிலேயே ஆள் கிடையாது. இதைச் சொல்லிக்கொண்டு திரிவது அவளேதான். ஆனாலும் உண்மை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புது நோட்டுகளோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அவளுடைய மாமா காதர் மைதீன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வரும் வாரப் பத்திரிகைகளின் வழவழப்பான அட்டைகளெல்லாம் சஃபாவுக்குத்தான்.

அட்டை போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. படத்தில் எது முன்னால் தெரிய வேண்டும், எது உள்ளே மடிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். போன வருடம் ஒரு அட்டையில் நடிகர் ஒருவர் புலியோடு நின்றார். நடிகரை உள்ளே மடித்தால் நோட்டில் புலி மட்டும் உறுமியது. புலியை மடித்தால், அந்த மனிதர் காற்றைப் பார்த்துப் பயந்துகொண்டு நின்றார். இரண்டு விதமாகவும் மடித்துப் பார்த்த சஃபாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இத்தனை அட்டைகளை மடித்ததில் இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. பத்திரிகைகளில் பெண்கள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு எந்நேரமும் சிரிக்கிறார்கள். இட்லி அவிப்பதில் அப்படி என்ன சிரிப்போ! ஆண்கள் கைகட்டி முறைக்கிறார்கள். கடற்கரை ஆட்கள் என்றால் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் அழுகிறார்கள்.

மண்டபத்தில் யாரும் அப்படி நாள் முழுக்க அழுததாக அவளுக்குத் தெரியவில்லை. அழ நேரம் எங்கே இருக்கிறது? மாமாவிடம் கேட்டாள். தன் தராசுக்குக் கிலோ தெரியும், சிரிப்பும் அழுகையும் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மாமா கடைக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில், ‘வாரவெளிச்சம்’ பத்திரிகையின் புது இதழ் கயிற்றில் தொங்கியது. அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்ததும் சஃபாவுக்குத் தலைகால் புரியவில்லை. அது மாலதி! அவள் பெஞ்சில், அவள் பக்கத்தில் உட்காரும் அதே மாலதி!

மாமாவை நச்சரித்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். எல்லோரும் கூடியிருந்த இடத்தில் பத்திரிகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். படத்தைப் பார்த்த அவசரத்தில் எழுத்தைப் படிக்கவில்லை. அவள் வகுப்புப் பையன் சூர்யா எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான்.

“கடல் தின்ற கனவுகள். பள்ளிப் படியை மிதிக்க வழியில்லாத கரையோரப் பிஞ்சுகள்.”

அந்த நேரத்தில் மாலதி பள்ளிப் படியில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

யாராவது கேலி செய்திருந்தால் மாலதி பதிலுக்குக் கிழித்திருப்பாள். அவள் வாய் அப்படி. ஆனால் எல்லோரும் பாவப்பட்டார்கள். புதிதாக வந்திருந்த மஜீதா டீச்சர் அவள் தலையைத் தடவி இரண்டு பென்சில் கொடுத்தார். மதியம் யாரோ தங்கள் முட்டையை அவள் தட்டில் வைத்தார்கள். அடிகுழாயில் முதலில் தண்ணீர் குடிப்பதற்குத் தினமும் அவளோடு மல்லுக்கு நிற்கிற சூர்யா, அன்று ஒதுங்கி நின்று, “நீ மொதல்ல குடி, பாவம்” என்றான். அதைத்தான் மாலதியால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

செவ்வாய் மாலை சஃபா அவள் வீட்டுக்குப் போனாள். மாலதியின் அம்மா உலகம்மாள் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். பிடிவாதத்தில் மகள் தாயை மிஞ்சிவிட்டாள் என்று அவர் வாசலிலேயே புலம்பினார். திட்டியும் பார்த்தாராம், கெஞ்சியும் பார்த்தாராம். உள்ளே மாலதி, பாசி அள்ளும் வலைப்பையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“நா வரல. என்னையப் பாத்தா எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போடுறாக. எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. இனிமே அம்மாகூடப் பாசிக்குப் போறேன்.”

“அது பொய்யின்னு நா எல்லார்ட்டயும் சொல்றேன்.”

“நீதான கொண்டாந்து காட்டுன?”

சஃபாவுக்கு அவமானமாக இருந்தது. கூட்டத்தின் நடுவே பத்திரிகையைத் தூக்கிப் பிடித்தது அவள் கைதானே. பள்ளிக்குப் போகாத பிள்ளை என்று பத்திரிகை சொன்ன பொய், இப்போது மெய்யாகிவிடும்போல இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் தன் மேல், அப்புறம் பத்திரிகை மேல்.

வீட்டில் அந்த அட்டையை எடுத்துத் தரையில் விரித்தாள். அட்டை போடுகிறவளின் கண் தானாகவே ஓரத்துக்குப் போனது. படத்தின் இடது ஓரத்தில் மூன்று விரல் நுனிகள் தெரிந்தன. மூன்றிலும் மருதாணிச் சிவப்பு.

சஃபா தன் கையைப் பார்த்தாள். பெருநாளுக்கு வைத்த மருதாணி நகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது அவள் கை!

படம் எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கேமராவோடு வந்தவர் பெயர் ராமசுப்பிரமணியன். பாசி எடுக்கும் பெண்களைப் படம்பிடிக்க ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்தார். உலகம்மாளை, முங்கும்போது போடுகிற தண்ணிக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், சிரிக்க வேண்டாம் என்றார். “சிரிக்காம நிக்க நா என்ன பாஸ்போட்டுக்கா போட்டோ எடுக்கேன்?” என்று கேட்டுவிட்டு உலகம்மாள் இன்னும் பெரிதாகச் சிரித்தார். சஃபாவும் மாலதியும் அவர் பக்கத்திலேயே, கரையில் ஏற்றிக் கிடந்த வள்ளத்து ஓரமாக உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தார்கள். சஃபா ஒரு கீற்றை உப்பிலும் மிளகாய்ப்பொடியிலும் தாராளமாகப் புரட்டிக் கொடுத்தாள். மாலதி கடித்தாள். அவள் முகம் சுருங்கிக் கண்ணில் தண்ணீர் வந்தபோது கேமரா ‘கிளிக்’ என்றது.

“மடிச்சுப்புட்டாங்க!” என்றாள் சஃபா, வெறும் அறையில்.

மாங்காயை மடித்துவிட்டார்கள். சஃபாவை மடித்துவிட்டார்கள். உலகம்மாளின் சிரிப்பை மடித்துவிட்டார்கள். நடிகரை மடித்துப் புலியை வைக்கிற அதே வேலைதான்.

தலைப்பின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்தாள். படத்தில் இருந்தவள் புளிப்புக்கு முகம் சுளிக்கும் மாலதி. காகிதத்தை எடுத்தாள். அதே மாலதி அழுதாள். மறுபடி மறைத்தாள், மறுபடி எடுத்தாள். தனக்கு மட்டும்தான் இப்படித் தெரிகிறதா என்று சந்தேகம் வந்தது. மறுநாள் காலையில் தலைப்பை மறைத்துக்கொண்டு மாமாவிடம் போய், இந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்டாள்.

மாமா எச்சில் விழுங்கினார். “என்னமோ புளிப்பாத் தின்னுருக்கு.”

சஃபா காகிதத்தை எடுத்தாள்.

“அடடா, பாவமே” என்றார் மாமா.

“ஒரே படந்தான மாமா!”

மாமா படத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். தன் தராசுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தலையைச் சொறிந்தார்.

முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு, சனிக்கிழமை ராமசுப்பிரமணியனே கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். கையில் ஐந்து இலவசப் பிரதிகள், முகம் நிறையப் பெருமை. ஊருக்கே நல்லது செய்துவிட்டதாக அவர் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தார். உலகம்மாள் ஈரப் பாசியை இரண்டு கையிலும் அள்ளிவிட்டார். அது புகைப்படக்காரர் தலையில் இறங்குவதற்குள் சஃபா ஓடிப்போய்த் தடுத்தாள். தனக்கு ஐந்து நிமிடம் தரும்படி கேட்டாள். அவள் கையில் உம்மாவின் செல்போனும் ஒரு பொட்டலமும் இருந்தன.

“சார், மாங்கா சாப்புடுறீகளா?”

அவர் ஆசையாக வாங்கிக் கடித்தார். அதில் மூன்று பேருக்குப் போதுமான மிளகாய்ப்பொடி இருந்தது. அவருடைய கண்ணும் மூக்கும் வாயும் ஒரே இடத்தில் கூடின. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ‘கிளிக்.’

சஃபா முன்பே எழுதி வைத்திருந்த காகிதத்தைச் செல்போன் படத்துக்கு மேலே பிடித்துக் காட்டினாள். ‘ஊர் திரும்ப வழியில்லாமல் கதறும் புகைப்படக்காரர்’ என்று அதில் இருந்தது.

அவர் சிரித்தார். இன்னொரு தரம் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“தலைப்பு நா வைக்கல பாப்பா. ஆபீஸ்ல வைக்கிறாங்க.”

“என் கைய வெட்டுனது?”

“அதுவும் ஆபீஸ்தான்.” கையிலிருந்த பிரதிகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “ஆனா நீங்க எல்லாரும் சிரிக்கிற படமும் இருந்துச்சு. அழுகுற மாதிரி இருந்தத நாந்தான் பொறுக்கிக் குடுத்தேன். அட்டையில வரும்னு.”

வள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த மாலதி எழுந்து வந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

“அன்னைக்கு ஞாயித்துக்கெழம சார். உங்க ஊர்ல ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடம் உண்டா?”

அவர் இல்லை என்று தலையாட்டினார். மன்னிப்புக் கேட்டார். அவர்கள் கடிதம் எழுதித் தந்தால் ஆபீசில் கொடுப்பதாகவும், உள்பக்கத்தில் எங்காவது சின்னதாக வரலாம் என்றும் சொன்னார்.

கடிதம் தருவதாகச் சொன்ன சஃபா, அதற்காகக் காத்திருக்கத் தயாராக இல்லை. “உள்பக்கம் எங்களுக்கு எதுக்கு சார்? அவ அட்டையிலதான வந்தா? எங்களுக்கு மடிக்காத முழுப் படம் வேணும். எங்க வகுப்புல முப்பத்தி நாலு பேரு. முப்பத்தி நாலு வேணும். மடிக்கிறதுக்கு நாலு பக்கமும் அகலமா வெள்ளப் பேப்பர் விடணும்.”

அவர் குறித்துக்கொண்டார். மேலே தலைப்பு என்ன போட வேண்டும் என்று சஃபாவிடம் கேட்டார்.

“என்ட்ட ஏன் கேக்குறீக? யாரு மூஞ்சியோ அவட்ட கேளுங்க.”

மாலதி யோசிக்கவே இல்லை. அவருடைய பேனாவைப் பிடுங்கி, அவருடைய குறிப்பேட்டிலேயே எழுதிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை ராமேஸ்வரம் பேருந்தில் ஒரு கட்டு வந்து இறங்கியது. மாமா கடையில் வைத்துப் பிரித்தார்கள். படத்தில் ஒரு பக்கம் சஃபா மிளகாய்ப்பொட்டலத்தோடு சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம் உலகம்மாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். நடுவில் மாலதி, கையில் பாதி கடித்த மாங்காயோடு.

வெள்ளி மாலை வகுப்பே சஃபா வீட்டு வாசலில் உட்கார்ந்து அட்டை போட்டது. எதை உள்ளே மடிக்க வேண்டும் என்று சூர்யா கேட்டான். வெள்ளைக் காகிதத்தைத் தவிர எதையும் மடிக்கக் கூடாது என்றாள் சஃபா. கோணலாக மடித்த இரண்டு பேருக்குத் தலையில் ஒரு குட்டும் கிடைத்தது.

திங்கட்கிழமை மாலதி வந்தாள். அடிகுழாயில் சூர்யா அவளை இடித்துத் தள்ளிவிட்டு முதலில் குடித்தான். அவன் சட்டை முழுக்க அவள் தண்ணீரை வாரி அடித்தாள். இரண்டு பேருக்கும் அப்பாடா என்று இருந்தது.

முதல் வகுப்பில் மஜீதா டீச்சர் திருத்துவதற்கு நோட்டுகளைக் கேட்டார். மேசையில் முப்பத்து நான்கு நோட்டுகள் அடுக்காக ஏறின. முப்பத்து நான்கிலும் மாலதி. முப்பத்து நான்கிலும் அவள் கையெழுத்திலேயே தலைப்பு: ‘மாங்காய் புளிப்பு. அன்று ஞாயிறு.’

டீச்சர் அதைப் படித்தார். வகுப்பே அவரைப் பார்த்தது. மாலதி எழுந்து போய், சீவாத இரண்டு பென்சில்களை மேசையில் வைத்தாள்.

“இது இல்லாத பிள்ளைக்குக் குடுங்க டீச்சர். எனக்கு இருக்கு.” அப்புறம் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். “இது உங்களுக்கு.”

டீச்சருடைய முகம் சிவந்தது. அவர் ஒரு மாங்காய்க் கீற்றை எடுத்துக் கடித்தார். கடித்த வேகத்தில் ஒரு கண் மூடியது, மற்ற கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு நெற்றி வரைக்கும் ஏறியது. வகுப்பு மொத்தமும் விரல்களைக் கேமரா மாதிரி மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே குரலில் ‘கிளிக்’ என்றது.

டீச்சர் கையை நீட்டித் தடுத்தார்.

“இருங்க, இருங்க. தலைப்ப நாந்தான் எழுதுவேன்!”