காற்றுப் பெட்டிக்கு வைத்த பொட்டு

"எல்லாரும் எறங்குங்கடி, மேடு வந்திருச்சு!" என்றார் சரசம்மா.

யாரும் சொல்லித்தான் இறங்க வேண்டும் என்றில்லை. மூன்று வாரமாக இதே கதைதான். ஏரிக்கரை மேட்டில் பாதி தூரம் ஏறியதும் கார் இருமும். பின்னால் கறுப்பாகப் புகை விடும். ஓட்டுகிற முனிலட்சுமி எவ்வளவு மிதித்தாலும் நத்தை மாதிரி ஊரும். சரசம்மாவும் சேர்த்து உள்ளே இருக்கிற ஐந்து பெண்களும் சாப்பாட்டுப் பையோடு இறங்கி, மேடு முடிகிற வரை நடப்பார்கள்.

"இந்தக் காரு நம்மள கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போகுதா, நாம இதக் கூட்டிட்டுப் போறமா?" என்று கேட்டார் சரசம்மா.

முதல் வாரம் இதற்கு எல்லாரும் சிரித்தார்கள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

மாதேஸ்வரி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. இன்று சனிக்கிழமை, பள்ளி இல்லை. பெண்களைக் கம்பெனியில் விட்டபின் அம்மா மெக்கானிக்கிடம் போவாள். அதற்காகத்தான் இவளும் வந்திருந்தாள்.

காரை ஓட்டுகிற முனிலட்சுமிதான் இவளுடைய அம்மா. தளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இந்த ஐந்து பேரையும் ஏற்றி, ஓசூரில் ஒரு கம்பெனியின் எட்டரை மணி ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விடுவது அவள் வேலை.

கம்பெனி கேட்டுக்கு வந்தபோது மணி எட்டு நாற்பத்திரண்டு.

கேட்டில் நின்ற சூப்பர்வைசர் கோவிந்தப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்களைப் பார்த்தார். கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, நான் சும்மா விட்டுருவேன். கேட்டு மெசினு விடாதுங்களே. கார்டு தேச்சதும் லேட்டுன்னு காட்டிரும். இவங்க அஞ்சு பேருக்கும் அரை நாள் போச்சு."

"வண்டி மக்கர் பண்ணுதுங்க. இன்னிக்கு சரி பண்ணிருவேன்."

"மூணு வாரமா இதேதான் சொல்றீங்க. திங்கட்கிழமை ஒரு நாள் பாப்பேன். அன்னிக்கும் லேட்டுன்னா, செவ்வாயிலருந்து வேற வண்டி. என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

அம்மா காரைத் திருப்பினாள்.

மெக்கானிக் கரியப்பன் இருக்கிற மத்திகிரிக்கு ஓட்டினாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகளையே மாதேஸ்வரி பார்த்துக்கொண்டு வந்தாள். கார் வாங்குவதற்கு முன்பு அம்மா ஒரு ரோஜாப் பண்ணையில் மருந்து அடித்தாள். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில், வெக்கையில், முதுகில் மருந்து டேங்க்கோடு. விரல் நுனியெல்லாம் தோல் உரியும். சோற்றில் கை வைத்தால் எரியும் என்று கரண்டியில் சாப்பிடுவாள். அப்பா இறந்தபோதுகூட மூன்றாம் நாள் அந்த வேலைக்குப் போனாள்.

கார் வந்தபிறகுதான் அந்தக் கை ஆறியது.

"டிரிப் போயிட்டா என்னம்மா பண்றது?" என்று மெதுவாகக் கேட்டாள் மாதேஸ்வரி.

"பண்ணைல இன்னும் ஆள் எடுக்கறாங்களாம்" என்றாள் அம்மா.

கரியப்பனின் ஒர்க்‌ஷாப் ஒரு தகரக் கொட்டகை. அவர் வாயில் ஒரு ஸ்குரூவைக் கடித்துக்கொண்டே பேசுவார். பேசி முடிக்கிற வரை அது கீழே விழாது.

"அக்கா, நான் பண்ணாதது ஒண்ணுமில்ல. டீசல் பம்பு பாத்தாச்சு. இன்ஜெக்டரு கழுவியாச்சு. டீசல் ஃபில்டரு, ஏர் ஃபில்டரு ரெண்டும் புதுசு."

"சென்சாரு ஏதாச்சும்?"

"சென்சாரு போயிருந்தா மீட்டருல மஞ்ச லைட்டு எரியணுமே. எரியல. இஞ்சினே தேஞ்சிருச்சுக்கா. அதுக்குமேல எனக்குத் தெரியல."

அம்மா காரின் கதவில் சாய்ந்தாள்.

"அப்ப வித்துரட்டுமா?"

"இந்த நெலமையில காய்லான் கடைக்காரன்தான் வாங்குவான்."

மாதேஸ்வரியால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவது போல் கொட்டகைக்குப் பின்னால் போனாள்.

அங்கே பழைய டயர்கள், உடைந்த பம்பர், எண்ணெய்த் துணிகள் எல்லாம் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலின் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு காகித ஃபில்டர் கிடந்தது.

அது அவர்கள் காரின் ஃபில்டர். அதன்மேல் மங்கலாக ஒரு விபூதிப் பட்டை. பக்கத்தில் காய்ந்த சந்தனத் துணுக்கு.

அதைப் பூசியது அவள்தான்.

ஆயுத பூஜை அன்று அம்மா சொல்லியிருந்தாள்: "நமக்குச் சோறு போடற வண்டி. ஒரு பாகம் விடாம பொட்டு வெச்சுரு." பண்ணையில் இருந்த காலத்தில் அம்மா ரோஜா வெட்டுகிற கத்தரிகளை எண்ணெய் போட்டுத் துடைத்து, விபூதி பூசி, பொட்டு வைப்பதை மாதேஸ்வரி பார்த்திருக்கிறாள். எண்ணெய் காட்டாத ஆயுதத்துக்குப் பூஜை கிடையாது என்பாள் அம்மா.

அதனால் சக்கரம், ஸ்டீயரிங், பேட்டரி எல்லாவற்றுக்கும் வைத்தாள். பிறகு, கரியப்பன் திறந்து தூசி தட்டுவாரே, அந்தக் காற்றுப் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றினாள். உள்ளே ஃபில்டர் வறண்டு போய்க் கிடந்தது. பாவமாக இருந்தது. தேங்காய் எண்ணெயை உள்ளங்கை நிறைய ஊற்றித் தடவினாள். விபூதியை அள்ளி மூன்று பட்டை. நடுவில் சந்தனம். பெட்டியை மூடிவிட்டாள்.

"எம் பொண்ணு போட்ட பூஜையில வண்டி புதுப்பொண்ணு மாதிரி இருக்கு!" என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

அடுத்த வாரமே கார் இருமத் தொடங்கியது.

அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஆனால், கரியப்பன் போனில் பேசிக்கொண்டே அந்த ஃபில்டரைப் பிடுங்கி, பார்க்காமலேயே பின்னால் வீசிவிட்டார். புதியது போட்டும் கார் சரியாகவில்லை. 'அப்பாடா, நம்மளால இல்ல' என்று அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா அழுதுகொண்டிருந்த நாளில் இவளுக்கு நிம்மதி! அதை நினைத்தால் இப்போது கூசியது.

அவள் ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தாள். டயருக்கு அடியில் தள்ளிவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது.

தள்ளக் குனிந்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

அவள் போட்டது மூன்று பட்டை. இருந்தது ஒன்று.

மீதி இரண்டும் எங்கே போயின?

மாதேஸ்வரி ஃபில்டரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா அடிப்ப."

சொல்லி முடித்தாள். எண்ணெயையும் சொன்னாள். அந்த நிம்மதியை மட்டும் சொல்லவில்லை.

அம்மா கையை ஓங்கிவிட்டாள். மாதேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை.

"மூணு வாரமாடி..." என்றாள் அம்மா.

"விடுங்கக்கா, அந்த ஃபில்டர நான்தான் மாத்திட்டனே. அதனால இப்ப ஒண்ணுமில்ல" என்றார் கரியப்பன்.

"இல்லண்ணா" என்றாள் மாதேஸ்வரி. "மூணு பட்ட போட்டேன். ஒண்ணுதான் இருக்குது. ரெண்டு பட்ட விபூதியும் எண்ணெயும் உள்ள போயிருக்குது. புது ஃபில்டரு போட்டா, முன்னாடியே உள்ள போனது எப்படிண்ணா வெளிய வரும்? அது எங்க போய் ஒட்டியிருக்கும்?"

கரியப்பன் வாயிலிருந்த ஸ்குரூ கீழே விழுந்தது.

அவர் பானெட்டைத் திறந்தார். காற்றுப் பெட்டிக்கு அடுத்த குழாயில் ஒரு சின்ன கறுப்புச் சாமான் செருகியிருந்தது. இரண்டு ஸ்குரூவைக் கழற்றி அதை உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அதன்மேல் பழுப்பாக, அடுப்பில் தீய்ந்த பால் மாதிரி என்னவோ அப்பியிருந்தது.

"இது காத்த அளக்கற சென்சாரு, பாப்பா. உள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு இஞ்சினுக்குச் சொல்லும். அதுக்குத் தக்கன டீசல் போகும். இது மேல போர்வ போத்திட்டா, நெறைய காத்து போனா கொஞ்சம்னும், கொஞ்சம் போனா நெறையன்னும் தப்புத்தப்பா சொல்லும். டீசல் கம்மியானா இழுக்காது, அதிகமானா கறுப்புப் புகை. முழுசா செத்திருந்தா லைட்டு எரிஞ்சிருக்கும். இது சாகல, பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நானும் நம்பிட்டேன்."

அவர் ஸ்பிரே அடித்துக் கழுவினார். மூன்று முறை அடித்தார். தீய்ந்தது போகவில்லை.

"புதுசு பெங்களூருலருந்து வரணும். செவ்வாக்கிழமை ஆகும்."

அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில்தான் அவளுடைய வேலை இருந்தது.

"இருங்கக்கா, இன்னும் முடியல." கரியப்பன் சென்சாரைத் திரும்பச் செருகினார். ஆனால் அதன் ஒயர் பிளக்கை மாட்டவில்லை, தொங்க விட்டார். "பொய் சொல்றவன் பேச்சக் கேக்கறதவிட, கேக்காமலே ஓட்டறது நல்லது. இதப் புடுங்கிட்டா இஞ்சினு ஒரு கணக்கு வெச்சு தானே ஓடும். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். மேடு ஏறுதான்னு பாக்கலாம்."

"காலியா இருக்கறப்ப ஏறுமே" என்றாள் அம்மா.

கரியப்பன் இரண்டு பழைய கியர் பாக்ஸைத் தூக்கிப் பின்னால் வைத்தார். நாலு டயரையும் போட்டார்.

"அஞ்சு பேரு எடை வந்திருக்கும்."

"சரசம்மா பெரியம்மாவுக்கு மட்டும் இன்னொரு கியர் பாக்ஸ் போடுங்கண்ணா" என்றாள் மாதேஸ்வரி.

அன்று முதல்முறையாக அம்மாவின் உதட்டோரம் அசைந்தது.

சென்சாரின் பிளக் கழன்றிருந்ததால், காரைக் கிளப்பியதும் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கால்நடைப் பண்ணைக்குப் பக்கத்து மேட்டில் அம்மா மூன்றாம் கியரில் மிதித்தாள். மாதேஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கார் இருமவில்லை. ஏறியது. கியர் பாக்ஸ் உருண்டு கதவில் முட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இருவரும் திடுக்கிட்டார்கள். மேட்டு உச்சியில் அம்மா காரை நிறுத்தி, ஸ்டீயரிங்மேல் தலையை வைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் காட்டச் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்றாள். "ஆனா, தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும்டி."

"ம்" என்றாள் மாதேஸ்வரி.

திங்கட்கிழமை காலை ஏரிக்கரை மேடு வந்தது. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மாதேஸ்வரியும் முன் சீட்டில் இருந்தாள். பழக்க தோஷத்தில் சரசம்மா கதவில் கை வைத்தார். மற்ற நாலு பேரும் பையைத் தூக்கிக்கொண்டார்கள்.

"உக்காருங்கக்கா" என்றாள் அம்மா.

கார் ஏறியது. நிற்காமல், புகை கக்காமல் ஏறியது. ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். சத்தம் போட்டால் எங்கே நின்றுவிடுமோ என்ற பயம்.

மேடு முடிந்ததும்தான் சரசம்மாவுக்குப் பேச்சு வந்தது. முன்னால் எட்டிப் பார்த்தார்.

"அய்யோ முனி, அங்க என்னமோ மஞ்சளா எரியுதே! மறுபடி என்ன கேடு?"

அம்மா ஓரக்கண்ணால் மாதேஸ்வரியைப் பார்த்தாள்.

"கேடு இல்லக்கா. எம் பொண்ணு வெச்ச பொட்டு. நாளைக்குத்தான் அழியும்."