நிரோஷனின் டையும் ஏழுமலையின் அண்டாவும்

நிரோஷனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த நாளில் அம்மா விஜயகலா ஆனந்தத்தில் அழுதார். அங்கே என்ன படிக்கப் போகிறான் என்று கேட்டதும் அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

“விளையாட்டு முகாமைத்துவமா? அப்படின்னா என்னடா?”

“விளையாட்ட எப்படி ஒரு வியாபாரமா நடத்துறதுன்னு படிக்கிறதும்மா. நாலு வருசம்.”

அம்மா கையிலிருந்த இறப்பர் பால் வாளியைக் கீழே வைத்தார்.

“வெளையாடாத, படி... வெளையாடாத, படின்னு கத்தியே என் தொண்ட போச்சு. இப்ப வெளையாட்டையே படிக்கப் போறியா?”

அன்று லயத்து வீட்டு வரிசை முழுக்க இதே பேச்சுதான். பெரியவர்கள் எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். பிள்ளைகள் மட்டும் பரம சந்தோஷத்தில் இருந்தார்கள். நிரோஷனின் தங்கை கலைச்செல்வி அப்போது தரம் நான்கு. கணக்குக் கொப்பியை மூடிவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“எங்கடி ஓடுற?”

“நானும் பல்கலைக்கழகத்துக்கு ரெடியாகிறேன்மா!”

இரண்டு வருடம் போனது. பொங்கல் முடிந்த கையோடு நிரோஷன் கரவனெல்ல பஸ்ஸிலிருந்து வந்து இறங்கினான். கழுத்தில் நீல நிற டை.

அந்தத் தோட்டத்தில் டை கட்டுகிறவர் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரியதுரை ஒருவர்தான். அவரும் கொழும்பிலிருந்து யாராவது வந்தால்தான் கட்டுவார். நிரோஷனின் டையோ குளிக்கும்போது தவிர கழுத்தை விட்டு இறங்கவில்லை. லயத்துக் கோழிகள்கூட அதைக் கண்டு ஒதுங்கி நடந்தன.

“இந்த வருச போயா மேட்ச்ச நான்தான் நடத்தப் போறேன்,” என்று அறிவித்தான்.

போயா மேட்ச் அந்தத் தோட்டத்தின் பழைய வழக்கம். பொங்கலுக்குப் பின்னால் வரும் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளில் இறப்பர் பால் வெட்டு இல்லை. அன்று மேல் டிவிசனும் கீழ் டிவிசனும், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் கிரிக்கெட் ஆடும்.

“இது எனக்குப் பரீட்ச மாதிரி. எங்க விரிவுரையாளர் தங்கரத்தினம் சேர் நேர்லயே வந்து பார்ப்பார். களத்துல கூட்டம் இருந்தா பாஸ். இல்லாட்டி இன்னொரு வருசம் இதே பாடத்தப் படிக்கணும்.”

“இன்னொரு வருசம் வெளையாட்டா?” அம்மா அதிர்ச்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நிரோஷன் வேலையில் இறங்கினான். மேல் டிவிசனுக்கு ‘கோல்டன் ஈகிள்ஸ்’ என்று பெயர் வைத்தான். கீழ் டிவிசனுக்கு ‘தண்டர் லயன்ஸ்’.

“தண்டர் லயன்ஸா?” கீழ் டிவிசன் கேப்டன் ஏழுமலை மாமா முழங்காலைத் தடவினார். “எனக்கு முட்டி வலிடா தம்பி. வேற ஏதாவது மெதுவா நடக்கிற மிருகம் இல்லையா?”

அடுத்து ஸ்பொன்சர். கரவனெல்ல டவுனில் சோடா தயாரிக்கும் புவாட் முதலாளி இரண்டு அணிக்கும் ஜெர்சியும் பெரிய பதாகை ஒன்றும், கூடவே ஒரு கடிதமும் கொடுத்தார். பதாகையில் ‘புவாட் சோடா’ என்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம்.

அதைச் சுருட்டிக்கொண்டு வந்த நிரோஷன் டையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னான்.

“இனிமே களத்துல பிளேன்டீ கெடையாது. ஸ்பொன்சரோட சோடா மட்டுந்தான். இதுக்குப் பேரு ஏகபோக உரிமை.”

லயமே தலையில் கைவைத்தது.

ஏனென்றால், போயா மேட்ச்சில் பிளேன்டீ வெறும் பிளேன்டீ அல்ல. போன வருடம் தோற்ற டிவிசன், இந்த வருடம் ஆட்டம் தொடங்குமுன் எல்லோருக்கும் பால் விடாமல் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ ஊற்ற வேண்டும். அதிலும் கடைசி கெட்ச்சைத் தவறவிட்டவர்தான் அகப்பை பிடிக்க வேண்டும். குடிக்கிறவர்கள் வரிசையில் நின்று அவரை ஆசை தீரக் கிண்டல் செய்யலாம். போன வருடம் அந்த கெட்ச்சை விட்டவர் ஏழுமலை மாமா.

“ஒரு வருசமா ஒக்காந்து பதில் யோசிச்சு வச்சிருக்கேன்,” என்று அவர் முணுமுணுத்தார். “அதெல்லாம் இப்ப சோடாவுலயா கரைக்கிறது?”

கலைச்செல்வி அண்ணனிடம் போனாள். இப்போது அவள் தரம் ஆறு. போயா மேட்ச்சுக்கு ஸ்கோர் எழுதுகிறவளும் அவள்தான்.

“அண்ணே, பிளேன்டீ இல்லாட்டி ஆளுங்க வர மாட்டாங்க.”

“நீ சின்னப்புள்ள. இது சந்தைப்படுத்தல்.”

“அவங்ககிட்ட கேட்டுப் பாத்தீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்? அதெல்லாம் புத்தகத்துல இருக்கு.”

கலைச்செல்வி ஸ்கோர் கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: “நீங்க மேட்ச்சுக்கு எதுக்கு வாறீங்க?” பதிலுக்கு ஒரு கோடு போட்டாள். மாலையில் கோடுகளை எண்ணினாள்.

ஏழுமலையைக் கிண்டல் பண்ண: முப்பத்தெட்டுப் பேர்.

இஞ்சி பிளேன்டீ குடிக்க: பதினொரு பேர்.

கிரிக்கெட் பார்க்க: மூன்று பேர். அதில் ஒருவர் அம்பயர்.

அந்தத் தாளைக் கிழித்து அண்ணனிடம் கொடுத்தாள். “ஆய்வுன்னா இப்படிக் கோடு போடுறது இல்ல தங்கச்சி,” என்று சிரித்துவிட்டு, அவன் அதைப் படிக்காமலே கோப்புக்குள் சொருகினான்.

போயா நாள் காலை ஒன்பது மணி.

களத்தில் அறுபது நாற்காலிகள். அறுபதும் காலி. இல்லை, ஐம்பத்தொன்பது. ‘பிரமுகர்’ என்று எழுதி ஒட்டிய நாற்காலியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. சோடாப் போத்தல்கள் வெயிலில் வரிசையாக நின்றன.

“எல்லாரும் எங்க போனாங்க?” நிரோஷனின் குரல் கீச்சென்று வந்தது. சேர் பத்து மணிக்கு வந்துவிடுவார்.

அப்போது கீழேயிருந்து ‘ஹோ’வென்று ஒரு சிரிப்பொலி எழுந்தது. அண்ணனும் தங்கையும் ஓடினார்கள்.

இறப்பர் பால் சேர்க்கும் ஸ்டோருக்கு முன்னால் தோட்டமே கூடியிருந்தது. அடுப்பில் அண்டா. அதன் பக்கத்தில் அகப்பையோடு ஏழுமலை மாமா.

“மாமா, பாத்து! கப்பையாவது நழுவாமப் புடிங்க!”

“அந்தப் பந்து நழுவலடா. நீ அவுட்டானா அழுதிருவன்னு நான்தான் பாவப்பட்டு விட்டேன்!”

“டீயில இஞ்சிக் காரமே இல்ல மாமா!”

“ஒன் பௌலிங்க விட இருக்குடா! குடி!”

களத்தில்தானே பிளேன்டீ கூடாது? பால் ஸ்டோர் வாசலில் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

நிரோஷன் படியில் உட்கார்ந்துவிட்டான். டை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. “முடிஞ்சிச்சு. இன்னொரு வருசம்...”

‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்ற வார்த்தை கலைச்செல்வியின் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணனின் கண்களைப் பார்த்தாள். வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

“அண்ணே, முதலாளி குடுத்த கடிதத்தக் காட்டுங்க.”

கடிதத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘ஆட்கள் கூடும் இடத்தில் எனது சோடாவின் பெயர் தெரிய வேண்டும்.’

“பிளேன்டீ கூடாதுன்னு இதுல இல்லையே.”

நிரோஷன் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். “இல்ல... அது என் பாடப் புத்தகத்துல இருந்திச்சு.”

“அப்ப அண்டா எங்க போகுதோ அங்கதான் ஆளுங்க வருவாங்க. பேனரையும் அண்டாவோட சேத்துக் களத்துக்குக் கொண்டுபோவோம். அண்டாவச் சுத்திக் கட்டினா உருகிரும். மேல, கம்புல கட்டணும்.”

ஏழுமலை மாமா இடுப்பில் கையை வைத்தார். “லயன்ஸ் சோடாதான் குடிக்கணும்னு ஒங்க அண்ணன் சட்டம் போட்டிருக்காரே?”

எல்லோரும் நிரோஷனைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான்.

“மாமா, நான் யாரையும் கேக்காம முடிவெடுத்துட்டேன். தப்புதான். வாங்க மாமா.”

“அப்படிச் சொல்லு!” மாமா உடனே கம்பைத் தேடினார்.

அண்டாவின் காதுகளில் மரக்கம்பு நுழைத்து நாலு பேர் தோளில் தூக்கினார்கள். இரண்டு நீளக் கம்புகளில் பதாகையைக் கட்டினார்கள். மூன்று மூலைகளுக்குத்தான் கயிறு இருந்தது. நாலாவது மூலை காற்றில் படபடத்தது.

நிரோஷன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு கழுத்திலிருந்த டையைக் கழற்றி அந்த மூலையைக் கட்டினான்.

சாமி ஊர்வலம் போலத் தோட்டமே அண்டாவின் பின்னால் மேடேறியது. களத்துக்குள் நுழையும் நேரம் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. ஒரு பக்கம் தங்கரத்தினம் சேர் இறங்கினார். மறுபக்கம் புவாட் முதலாளி.

முதலாளி பதாகையைப் பார்த்தார். அதன் கீழே ஆவி பறக்கும் பிளேன்டீ அண்டாவைப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

“என்ன இது? சோடா பேனருக்குக் கீழ தேத்தண்ணியா?”

நிரோஷனின் கை கழுத்துக்குப் போனது. அங்கே டை இல்லை.

கலைச்செல்வி ஒரு கப் பிளேன்டீயை இரண்டு கையாலும் நீட்டினாள். “முதலாளி, ஆளுங்க கூடுற எடத்துல பேரு தெரியணும்னு எழுதியிருந்தீங்க. எங்க தோட்டத்துல ஆளுங்க கூடுற எடம் இதுதான்.”

முதலாளி ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

“ஷா! மகள், நான் இந்த மேட்ச்சுக்கு வாறதே இதுக்குத்தான். சோடா நாளைக்கும் என்ட கடையில இருக்கும். ஏழுமலைய ஏச வருசத்துல ஒரு நாள்தானே கெடைக்கிது!” என்றவர் அண்டாப் பக்கம் திரும்பினார். “டேய் ஏழுமல! அந்த கெட்ச் இன்னும் என்ட கண்ணுக்குள்ள நிக்கிதுடா!”

“கண்ணுக்குள்ள வச்சிக்காதீங்க முதலாளி, உறுத்தும்!”

களமே அதிர்ந்தது. நாய் ‘பிரமுகர்’ நாற்காலியை விட்டு ஓடியது.

தங்கரத்தினம் சேர் நிரோஷனின் கோப்பில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கோடு போட்ட தாளில் அவர் விரல் நின்றது.

“தம்பி, இந்த ஆய்வை ஆர் செய்தது?”

நிரோஷன் தங்கையைக் கைகாட்டினான். “என் தங்கச்சி சேர். நான் அத வாசிக்கக்கூட இல்ல.”

இப்போது அதிர்ச்சியடைவது சேரின் முறை. “முதல்ல சனத்தைக் கேளுங்கோ எண்டு ரெண்டு வருசமாத் தொண்டை கிழியச் சொல்லுறன். ஒருத்தரும் கேக்கேல்லை. பிள்ளை, நீங்கள் என்ன வகுப்பு?”

“தரம் ஆறு சேர்.”

“கெதியாப் படிச்சுப்போட்டு எங்கட பல்கலைக்கழகத்துக்கு வாங்கோ.” பிறகு நிரோஷனிடம் திரும்பினார். “சனம் வந்திருக்கு. பாஸ். ஆனா அறிக்கையில தங்கச்சியின்ர பேர்தான் முதல்ல வரவேணும்.”

அன்றும் கீழ் டிவிசன்தான் தோற்றது. கடைசி ஓவரில் வானத்துக்குப் பறந்த பந்து, அவர்கள் பக்கம் ஆள் குறைந்ததால் களத்தில் நின்ற நிரோஷனின் கைக்கே வந்தது. வந்த வேகத்தில் கையை விட்டுப் போனது.

ஏழுமலை மாமா ஓடிவந்தார். முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ! அகப்பையை அவன் கையில் கொடுத்து அணைத்துக்கொண்டார். “இப்பவே பதில் யோசிக்க ஆரம்பி தம்பி. ஒரு வருசந்தான் இருக்கு.”

மறுநாள் பின்னேரம் அம்மா பிளேன்டீக் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். கணக்குக் கொப்பி படியில் திறந்து கிடந்தது. கலைச்செல்வி களத்தில் மட்டையோடு நின்றாள்.

“வெளையாடாத, ப—”

“படிச்சிக்கிட்டுத்தான்மா இருக்கேன்!”

திறந்த வாய் வீணாகக் கூடாதென்று அம்மா ஒரு மிடறு பிளேன்டீ குடித்தார்.